இழுப்பறைச் சாவி

நாற்பத்தொரு கடப்பிதழ்கள்.
பச்சை அட்டை, மண்நிற அட்டை,
ஒவ்வொன்றுக்கும் ஒரு ரப்பர் வளையம்.
இழுப்பறையைத் திறந்தால் பாச்சை உருண்டை வாசம்.
சாவி என் இடுப்பில்.
ஏகாம்பரம் குத்தகைக் கம்பெனியின் கிராணி நான்.
காணாமல் போய்விடக் கூடாதென்றுதான் வைத்திருக்கிறோம்
என்று கேட்பவர்களிடம் சொல்வேன்.
எது காணாமல் போய்விடும் என்று
லோகாம்பாள்தான் முதலில் கேட்டாள்.

சுங்கை தெராத்தாய் சின்ன ஊர்.
ஆலைச் சங்கு ஊதினால் எல்லா வீட்டிலும் ஒரே மணி.
மூன்று லாரிக்குச் சொந்தக்காரி லோகாம்பாள், கோயில் பொருளாளர்.
தலைவர் ஏகாம்பரம், அவளுக்குச் சின்னம்மா மகன்.
தேர்ச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை வாங்கும் பேச்சின் நடுவில்
வடைத் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்:
"அடுத்தவன் காலை இழுப்பறையில் பூட்டிட்டு
நாம எந்தக் காலால தீ மிதிக்கிறது?"

சிலர் சிரித்தார்கள்.
"லெவி கட்டினவன் நான். ஓடிப்போனா நீ தர்றியா?
நம்ம தாத்தனும் இப்படித்தான் வந்தான்."
"ஆமா," என்றாள் அவள்,
"நம்ம தாத்தனும் இப்படித்தான் வந்தான்."
ஒரே வாக்கியம்.
அதற்குப் பின் யாரும் வடை எடுக்கவில்லை.

சமாதானம் பண்ணினார்கள்.
பழைய வாய்க்கால் எல்லை:
மேற்கே அவர் வழக்கம், கிழக்கே அவள் வழக்கம்,
கோயிலுக்குள் இந்தப் பேச்சே கூடாது.
தீர்மானத்தைத் தட்டச்சு செய்தவள் நான்.
'வழக்கம்' என்று அடித்தேன்.
வேறு சொல் இருந்தது, விரல் போகவில்லை.

பதினான்கு மாதம் தாங்கியது.
ஆற்றுக்கு அப்பால் முந்நூறு ஏக்கரில்
செம்பனை புதுநடவு வந்தது.
அங்கே வாய்க்கால் இல்லை.
அந்த மண் எந்த வழக்கம்?
சாப்பாட்டுக் கடையில் மேசைகள் விலகின.
இரண்டு முடிதிருத்தகமும் ஆளுக்கொரு பக்கம்.
அரைத் தலையோடு எழுந்து போனவரை நானே பார்த்தேன்.
நிச்சயம் பண்ணிய வீட்டிலிருந்து தாம்பூலத் தட்டு
வெற்றிலை வாடுமுன் திரும்பியது.

ஆள் எடுக்கும் வாரத்தில்தான் மோக்லெஸின் தாய் செத்துப்போனாள்.
ஊருக்குப் போக வேண்டும் என்று
மூன்று முறை என் மேசைமுன் வந்து நின்றான்.
முதல் முறை தொப்பியைக் கழற்றினான்.
மூன்றாம் முறை கழற்றவில்லை.
"முதலாளியைக் கேள்" என்றேன், மூன்று முறையும்.
அன்றிரவு மழையில், இடுப்பளவு தண்ணீரில்
வாய்க்காலைத் தாண்டி
லோகாம்பாளின் லாரிக் கொட்டகைக்குப் போய்விட்டான்.

ஏகாம்பரம் தீர்மானத்தைத் தூக்கிக்கொண்டு போனார்:
ஓடியவனைத் திருப்பித் தா.
அப்படி எழுதியிருக்கவில்லை.
தரவேண்டாம் என்றும் எழுதியிருக்கவில்லை.
என் தாளைப் பிடித்துக்கொண்டே இரு தரப்பும்
அம்மன்மேல் சத்தியம் செய்தார்கள்.

இன்று காலை வாங்கிய நாசி லெமாக்
யாரோ பிள்ளையின் சரித்திரத் தாளில் சுற்றியிருந்தது.
அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டதன்
காரணங்கள் இரண்டு, ஆறு புள்ளி.
ஒன்று, அடிமைகள் என்று மலாயில் எழுதியிருந்தது பிள்ளை.
இரண்டு என்று போட்ட இடத்தில்
சம்பல் எண்ணெய் ஊறியிருந்தது.

இப்போது ஊரில் இரண்டு தேர்.
ஒன்று பழைய சக்கரத்தில், ஒன்று லாரிமேல்.
சந்தியில் எதிரெதிராக உறுமி அதிர்கிறது.
கொடியில்லாத கொடிக்கம்புகள் நிறைய வந்திருக்கின்றன.
கொங்சிச் சுவரில் சாத்தியிருந்த
குலை வெட்டும் அரிவாள்களில் ஏழைக் காணவில்லை.
பெட்ரோல் நிலையத்தில் ஒரு போலீஸ் ஜீப்,
எஞ்சின் ஓடியபடி.

கொங்சியில் நாற்பது பேர்
விளக்கணைத்து உட்கார்ந்திருக்கிறார்கள்.
அவர்களுக்காகவாம் சண்டை.
எந்தத் தேரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இழுப்பறையைத் திறந்தேன்.
அரிசிக் கோணியில் ஒவ்வொன்றாக எண்ணிப் போட்டேன்.
மோக்லெஸுடையதில் மட்டும் வளையத்தைக் கழற்றிப் பார்த்தேன்:
படத்தில் மீசையில்லாத பையன்.
வளையம் கடித்த இடத்தில் அட்டையில் ஒரு கோடு.
கட்டைவிரலால் தேய்த்தேன்.
அது கிடக்கட்டும் என்று
சைக்கிளை எடுத்தேன்.
விளக்குப் போடவில்லை.